"ஃபாஸ்ற்" எண்டால் எப்பவும் வேகம் தானா? மொழிபெயர்க்கேக்க சிக்கிற சொல்லுகள்

கரைச்சி வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொதுச் சனத்துக்குக் குடுக்கிற துண்டுப்பிரசுரங்கள், ஆஸ்பத்திரித் தாள்கள், இயந்திரக் கையேடுகள் இதுகளைத் தமிழாக்கேக்க ஒரே வகைச் சிக்கல் திரும்பத் திரும்ப வருது. வேகம், ஓட்டம், பாய்ச்சல் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச ஆங்கிலச் சொல்லுகள் வேற ஏதோ பொருளில வந்து நிக்குது. போனில இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலி எல்லாத்தையும் "வேகமாக", "விரைவாக" எண்டு போட்டுவிடுது. வாசிக்கிற சனத்துக்கு அது பிழையான அறிவுறுத்தலாப் போய்ச் சேருது.

இப்ப கையில இருக்கிற வசனங்களைச் சொல்லுறன். இரத்தப் பரிசோதனைத் தாளில "ஃபாஸ்ற் ஃபோர் ற்வெல்வ் அவர்ஸ்". கடற்றொழில் பாதுகாப்புத் தாளில "மேக் த போற் ஃபாஸ்ற்". துணி லேபிளில "ஃபாஸ்ற் கலர், வில் நொற் றன்". கர்ப்பிணித் தாய்மாருக்கான தாளில "குயிக்கனிங்". மரக்கறிச் செய்கைத் தாளில "த லெற்றஸ் ஹாஸ் போல்ற்றட்". தண்ணிப் பம்பின்ர கையேட்டில "அவுற்றர் றேஸ்".

இதுகளுக்குச் சரியான தமிழ் வேணும். அதைவிட, ஒரு வசனத்தைக் கண்ட உடன "இது வேகத்தைச் சொல்லேல்லை" எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? இதெல்லாம் ஒரே சொல்லின்ர கிளைகளோ, இல்லாட்டி எழுத்து மட்டும் ஒத்துப்போன வேற வேற சொல்லுகளோ?

மாங்குளம் ஆங்கிலம் எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் ஆறு வசனங்களில் மூன்று ஃபாஸ்ற். அதை முதலில் பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு "இறுக்கமான, அசையாத" என்பதே பொருள். வேகம் என்ற பொருள் பிறகு வந்தது. அசையாமல் நிற்பதைச் சொன்ன சொல் எப்படி ஓட்டத்தைச் சொல்லத் தொடங்கியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் பேச்சிலேயே விடை இருக்கிறது. "கயிற்றை இறுக்கிக் கட்டு" என்கிறோம். "சைக்கிளை இறுக்கி மிதி" என்றும் சொல்கிறோம். முதலாவதில் அசையாமை, இரண்டாவதில் வேகம். இறுக்கம் என்பது முழுப் பலத்தோடு என்று விரிந்து, முழுப் பலத்தோடு ஓடுவது வேகமாக ஓடுவதாகிவிட்டது. ஆங்கிலத்திலும் நடந்தது இதுதான்.

உணவைத் தவிர்க்கும் ஃபாஸ்ற் தனிச் சொல் அல்ல, அதே வேர். ஒரு கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடித்து நிற்பது என்ற பொருளிலிருந்து வந்தது. நாங்களும் கந்தசட்டி விரதம் "பிடிக்கிறம்" என்றுதானே சொல்கிறோம். காலைச் சாப்பாட்டுக்கான பிறேக்ஃபாஸ்ற் என்ற சொல்லில் இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை முறிப்பது என்ற பொருள் அப்படியே இருக்கிறது.

இனிப் பிடிக்கும் வழி. ஃபாஸ்ற் எந்த வினையோடு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். ஓடு, போ, பேசு, வளர் போன்ற அசைவு வினையோடு வந்தால் வேகம். பிடி, கட்டு, ஒட்டு, நில், பூட்டு போன்றவற்றோடு வந்தால் இறுக்கம். "ஹோல்ட் ஃபாஸ்ற்" விடாமல் பிடி. "ஸ்ரக் ஃபாஸ்ற்" அசைக்க முடியாமல் சிக்கியது. "ஃபாஸ்ற் அஸ்லீப்" அசையாத, ஆழ்ந்த நித்திரை. ஃபாஸ்ற் தானே வினையாக நின்று, பின்னால் இத்தனை மணித்தியாலம் என்று வந்தால் சாப்பிடாமல் இருப்பது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் குயிக்லி என்ற சொல்லை வைத்து வாசியுங்கள். "படகைக் குயிக்லி ஆக்கு" என்று பொருள் கெட்டால் அது வேகம் அல்ல.

மணிக்கூட்டில் மட்டும் கவனம். "த குளொக் இஸ் ஃபைவ் மினிற்ஸ் ஃபாஸ்ற்" என்பதற்கு முள் வேகமாகச் சுற்றுகிறது என்று எழுதக்கூடாது. மணிக்கூடு 5 நிமிடம் முந்தி நிற்கிறது, அவ்வளவுதான். யாரோ வேண்டுமென்றே முந்தி வைத்த மணிக்கூடும் ஃபாஸ்ற் தான்.

அடுத்தது குயிக். இதன் பழைய பொருள் "உயிருள்ள". 1611 இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் "த குயிக் அன்ட் த டெட்" என்று வரும் இடத்தில், உயிரோடிருப்போரும் இறந்தோரும் என்பதே பொருள். உயிருள்ளது துடிக்கும், அசையும், அதனால் பிறகு விரைவு. பழைய பொருள் இன்னும் பல சொற்களில் உறைந்து கிடக்கிறது. நகத்துக்கு அடியில் தொட்டால் நோகும் சதை குயிக். பாதரசம் குயிக்சில்வர்: தட்டில் விட்டால் துளி துளியாக உருண்டு ஓடுகிற, உயிருள்ள வெள்ளி. குயிக்சாண்ட் என்றால் புதைமணல். அது ஓடும் மணலும் இல்லை, ஆளை விரைவாக இழுக்கும் மணலும் இல்லை. காலின் கீழ் அசைவதால் உயிருள்ள மணல்.

இவற்றில் மொழிபெயர்ப்பு பிழைத்தால் ஆபத்தானது குயிக்லைம். அதை "விரைவுச் சுண்ணாம்பு" என்று எழுதினால், விரைவாகக் காயும் நல்ல சுண்ணாம்பு என்று ஆட்கள் நினைப்பார்கள். அது சுட்டு இறக்கிய, நீறாத சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி இது மிஞ்சும். தண்ணீர் பட்டால் கொதித்துச் சீறும். 56 கிலோ நீறாத சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீறின சுண்ணாம்பாகும், அந்த நேரம் வரும் சூடு தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். தாளில் "நீறாத சுண்ணாம்பு" என்றே எழுதுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவவேண்டும் என்ற வரியும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தாய்சேய் வழிகாட்டி எழுதியது:

இரண்டு ஆஸ்பத்திரித் தாளுக்கும் நான் சொல்லுறன்.

குயிக்கனிங் எண்டது தாய் முதல் முறையாப் பிள்ளையின்ர அசைவை உணருறது. மாங்குளம் ரீச்சர் சொன்ன "உயிருள்ள" எண்ட பழைய பொருள் தான் அது. "துரிதப்படுத்தல்" எண்டு போட்டால் பிரசவத்தைக் கெதியாக்கிறது எண்டு தாய்மார் விளங்கிக்கொள்ளுவினம். "பிள்ளைத் துடிப்பை முதலில் உணர்தல்" எண்டு எழுதுங்கோ. பொதுவா 16 முதல் 20 கிழமைக்குள்ள தெரியும். முதல் பிள்ளை எண்டால் 20 ஐ அண்டித் தான் கன பேருக்கு விளங்கும், ஏனெண்டால் தொடக்கத்தில அது வயித்துக்குள்ள காத்து ஓடுற மாதிரி இருக்கும். இந்த விளக்கத்தையும் ஒரு வரியில சேர்த்தால் நல்லது.

இரத்தப் பரிசோதனைத் தாளில "விரதம்" எண்ட சொல்லைப் போட வேண்டாம். ரீச்சர் சொன்ன வேர் சரி, ஆனா எங்கட சனத்துக்கு விரதம் எண்டால் மச்சம் இல்லாத சாப்பாடு, ஒரு நேரச் சாப்பாடு, பால், பழம், பிளேன்ரீ எல்லாம் அடங்கும். "விரதம் தானே" எண்டு சீனி போட்ட தேத்தண்ணி குடிச்சிட்டு இரத்தம் குடுத்தால் சீனி அளவு கூடித் தான் காட்டும். "வெறுவயிறு" எண்ட சொல் தான் பிசகாது. இப்பிடி எழுதலாம்: "பரிசோதனைக்கு முந்தின 12 மணித்தியாலம் சாப்பாடு, பால், தேத்தண்ணி, குளிர்பானம் எதுவும் எடுக்க வேண்டாம். வெறும் தண்ணி குடிக்கலாம்." சீனிப் பரிசோதனைக்கு மட்டும் எண்டால் ஆகக் குறைஞ்சது 8 மணித்தியாலம், கொழுப்புப் பரிசோதனைக்கு 9 முதல் 12 எண்டு வழமையாக் கேப்பினம். தாளில என்ன எண் இருக்கோ அதையே போடுங்கோ. நித்திரையில போற நேரமும் கணக்கில சேரும் எண்டதைச் சொன்னால் சனம் பயப்பிடாது: இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு விடிய 7 மணிக்கு வந்தால் 12.

எக்ஸ்பிரஸ் எண்ட சொல்லும் உங்களுக்கு வரும். "எக்ஸ்பிரஸ்ட் பிறெஸ்ற் மில்க்" எண்டால் விரைவுப் பால் இல்லை, பிழிஞ்சு எடுத்த தாய்ப்பால். அழுத்தி வெளிய எடுக்கிறது தான் அந்தச் சொல்லின்ர இலத்தீன் மூலம். மனசில இருக்கிறதை வெளிய எடுத்துச் சொல்லுறதும் அதே சொல். யாழ்தேவி மாதிரி எக்ஸ்பிரஸ் ரெயினுக்கு அந்தப் பேர் வந்தது "குறிப்பிட்ட ஒரு தேவைக்கெண்டு வெளிப்படையாச் சொல்லி விட்டது" எண்ட பொருளால. வேகம் அதோட ஒட்டிக்கொண்டது.

கொக்கிளாய் வலை எழுதியது:

"மேக் த போற் ஃபாஸ்ற்" எண்டால் "படகை இறுக்கிக் கட்டு". கரையில கட்டையிலயோ, நங்கூரத்திலயோ, இன்னொரு படகிலயோ. காத்து எழும்பிற நேரத்துக்கான அறிவுறுத்தலில "படகை வேகமாக்கு" எண்டு வந்தால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. இதைத் திருத்தாமல் அச்சுக்குக் குடுக்க வேண்டாம் தங்கச்சி.

அதே தாளில "த நெற் இஸ் ஃபாஸ்ற்" எண்டு வந்தால் வலை கடலடிப் பாறைப் பாரிலயோ கப்பல் உடைவிலயோ சிக்கிப்போச்சு எண்டு பொருள். ஃபிளீற் எண்டதும் கவனம். கணக்கெடுப்புத் தாளில அது படகுகளின்ர தொகுதி, வலையைப் பற்றின இடத்தில அது ஒண்டோட ஒண்டு முடிஞ்சு விடுற வலைத்தொடர். பழைய பொருள் மிதக்கிறது. மிதக்கிறது வழுக்கிக்கொண்டு போகும், அதால தான் ஃபிளீற் எண்டால் காலோட்டம் கூடின ஆளையும் சொல்லுது.

ஸ்பிறிங் ரைட் எண்டு வந்தால் "வசந்தகால அலை" எண்டு எழுதவேண்டாம். துள்ளி எழும்பிற தண்ணி எண்டது தான் அங்க இருக்கிற ஸ்பிறிங். அமாவாசையும் பறுவமும் வாற நாளுகளை ஒட்டி மாதத்தில இரண்டு முறை வாற பெரிய வற்றுப்பெருக்கு. எங்கட கரையில ஏத்தத்துக்கும் வத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு தான், எண்டாலும் முகத்துவாரத்தால படகு எடுக்கிற ஆளுக்கு அந்த நாள் தெரியவேணும்.

ஓமந்தை கராஜ் எழுதியது:

பம்புக் கையேட்டுக்கு வாறன். அவுற்றர் றேஸ் எண்டது பேரிங்கின்ர வெளி வளையம், இன்னர் றேஸ் உள் வளையம். குண்டுகள் ஓடுற பாதை எண்டதால அந்தப் பேர். ஓட்டப் போட்டிக்குச் சொல்லுற றேஸும் இதுவும் ஒரே சொல். ஆலைச் சில்லுக்குத் தண்ணி கொண்டுபோற வாய்க்காலும் றேஸ் தான். கராஜில "வெளி றேஸ், உள் றேஸ்" எண்டு தான் சொல்லுவம். கையேட்டில "வெளி வளையம்" எண்டு போட்டு, முதல் முறை மட்டும் "வெளி றேஸ்" எண்டதையும் சேர்த்து எழுதினால் திருத்திற ஆளுக்குக் குழப்பம் வராது.

இதில உள், வெளி மாறக்கூடாது. பம்பில வழமையா உள் வளையம் தான் தண்டில இறுக்கமா இருக்கும். தண்டில ஏத்தேக்க உள் வளையத்தில மட்டும் பொருந்திற குழாய்த் துண்டை வைச்சுத் தட்டவேணும். வெளி வளையத்தில தட்டினால் அடி முழுக்கக் குண்டுகளுக்கு ஊடாப் போய், ஓடுபாதையில கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். பூட்டின அண்டைக்கு ஒண்டும் தெரியாது, கொஞ்ச நாளில இரைச்சல் தொடங்கும், பிறகு பேரிங் சரி வராது எண்டு கடைக்காரனைப் பேசுவினம். சின்னப் பம்பில கனக்கப் பாவிக்கிற 6203 பேரிங்குக்கு உள் விட்டம் 17 மில்லிமீற்றர், வெளி விட்டம் 40, அகலம் 12. கடைசி இரண்டு இலக்கம் தான் உள் விட்டத்தைச் சொல்லுறது: 00 எண்டால் 10, 01 எண்டால் 12, 02 எண்டால் 15, 03 எண்டால் 17. 04 இல இருந்து ஐந்தால பெருக்கவேணும், 04 எண்டால் 20, 05 எண்டால் 25.

அதே கையேட்டில "இஃப் த எஞ்சின் றேசஸ்" எண்டு கட்டாயம் வரும். "இயந்திரம் போட்டியிட்டால்" எண்டு எழுதியிருக்கிற தாள்களும் சுத்துது. சுமை விட்டுப்போய் எஞ்சின் திடீரெண்டு சுத்துக் கூடி அலறுறதைத் தான் அது சொல்லுது. தண்ணிப் பம்பில முக்கிய காரணம், உறிஞ்சு குழாய்க்குள்ள காத்துப் போய்ப் பம்பு தண்ணி தூக்காமல் விடுறது. கிணத்தில நீர்மட்டம் இறங்கி, உறிஞ்சு குழாயின்ர அடியில இருக்கிற கால்வால்வு வெளிய தெரிஞ்சாலும், குழாய் மூட்டில வெடிப்பு இருந்தாலும் இப்பிடி வரும். உடன நிப்பாட்டவேணும், ஏனெண்டால் பம்புக்குள்ள தண்ணி கசியாமல் அடைக்கிற "சீல்" எண்ட வளையத்தைக் குளிராக்கிறது அந்தத் தண்ணி தான். "டூ நொற் றன் ட்றை" எண்ட வரியும் இதுக்குத் தான்: தண்ணி இல்லாமல் பம்பை ஓட விடவேண்டாம். அங்க றன் எண்டது ஓடுறது இல்லை, இயங்கிறது.

போல்ற் எண்டது முந்தி கட்டையான, தடிச்ச அம்பு. அம்பு மாதிரிக் குதிரை பாய்ஞ்சு ஓடினாலும் போல்ற், அம்பு மாதிரி நேரா நிமிர்ந்து இருந்தாலும் போல்ற், மின்னல் கீற்றும் போல்ற், கதவுக்குக் குறுக்கப் போடுற தாழும் போல்ற். நாங்கள் நட்டோட பூட்டிறதும் அந்த வடிவத்தால வந்தது. சாப்பாட்டை மெல்லாமல் விழுங்கினாலும் ஆங்கிலத்தில போல்ற் தான். கையேட்டில "எம்10, 8.8" எண்டு வந்தால் அந்த எண்ணை அப்பிடியே விடுங்கோ, தமிழாக்கத் தேவையில்லை. 10 எண்டது மில்லிமீற்றரில தண்டின்ர விட்டம். தலையில அடிச்சிருக்கிற 8.8 பலத்தைச் சொல்லுறது: முதல் 8 எண்டால் அறுக்கிற பலம் 800 மெகாபஸ்கால், புள்ளிக்குப் பிறகு வாற 8 எண்டால் அதில 80 வீதம் வரைக்கும் இழுபடாமல் தாங்கும். இதை அளவு எண்டு மாத்திப்போட்டால் குறைஞ்ச பலத்துப் போல்ற்றைப் போட்டு லான்ட்மாஸ்ரர் எண்ட இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின்ர கலப்பை கழண்டு விழும்.

முத்தையன்கட்டுத் தோட்டம் எழுதியது:

லெற்றஸ், அதாவது சலாது, போல்ற் ஆகிறது எண்டால் இலை கூட்டிறதை விட்டிட்டு நடுவால பூத்தண்டு நீட்டி எழும்பிறது. "ஓடிவிட்டது" எண்டும் "பூட்டிக்கொண்டது" எண்டும் செயலி போடும். "பூத்தண்டு விட்டிட்டுது" எண்டு எழுதுங்கோ. தோட்டக்காரர் எல்லாருக்கும் விளங்கும்.

காரணத்தையும் தாளில சரியாப் பிரிக்கவேணும். சலாதும் கொத்தமல்லியும் எங்கட பக்கத்து வெக்கையால தண்டு விடும். இலை கைச்சுப்போகும், பிறகு வெட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. முள்ளங்கி தண்டு விட்டால் கிழங்கு நார்ப்பிடிச்சுப் போகும். ஆனா வெங்காயம் மறுவளம்: அது ஒரு அளவு வளர்ந்த பிறகு குளிர் பட்டால் தான் பூத்தண்டு விடும், பெரிய நடுகைக் காய்களை வைச்சால் அந்த ஆபத்துக் கூட. பூத்தண்டு விட்ட வெங்காயத்துக்கு நடுவில தடிச்ச காம்பு இருக்கும், அது காயாமல் நிண்டு அழுகல் அதுக்குள்ளால தான் இறங்கும். அதால அதுகளைச் சேமிப்புக்குக் கட்டாமல் முதல் வித்துத் தள்ளவேணும். "வெப்பத்தால் போல்ற் ஆகும்" எண்டு பொதுவா ஒரு வரி எழுதினால் வெங்காயக்காரருக்குப் பிழையாப் போகும்.

ரீச்சர் குயிக் எண்டால் உயிருள்ள எண்டு எழுதினது நல்ல விஷயம், ஏனெண்டால் வேலிகளைப் பற்றின தாளில "குயிக்செற் ஹெட்ஜ்" எண்டு வரும். அதை "விரைவாக அமைக்கும் வேலி" எண்டு போடுறது முழுப் பிழை. உயிர்த்தடியை ஊண்டித் தளிர்க்கவிட்டு எடுக்கிற வேலி அது. எங்கட சொல் தயாரா இருக்கு: கதியால். மாரி தொடங்கி நிலம் நல்லா நனைஞ்ச பிறகு கிளுவை, பூவரசு, முள்முருக்கு இதுகளின்ர முத்தின கொப்பை ஆளுயரத்துக்கு வெட்டி, அடியைச் சாய்வாச் சீவி, ஒரு அடி ஆழத்துக்கு ஊண்டி மண்ணை இறுக்கி மிதிக்கவேணும். பட்டை உரியாமல் பார்க்கவேணும், உரிஞ்ச இடத்தால அழுகும். தலை கீழா ஊண்டினாலும் வேர் பிடியாது. மேலால இருக்கிற வெட்டுவாயில சாணி அப்பி விட்டால் காயாது. இந்தச் செய்முறை முழுவதும் ஆங்கிலத்தில அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கிக் கிடக்கு, அதால அதுக்குப் புதுச் சொல் உருவாக்க வேண்டாம்.

றஷ் எண்டு வந்தால், குளத்து ஓரத்தைப் பற்றின தாளா எண்டு பாருங்கோ. அங்க அது அவசரம் இல்லை, சதுப்பில நிக்கிற புல்லு. "றஷ் மற்" எண்டால் பன்பாய், புற்பாய் வகை. றன்னர் எண்டால் அறுகு மாதிரி நிலத்தோட படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுற ஓடுதண்டு. றன் ஓஃப் எண்டால் நிலம் குடிக்காமல் வழிஞ்சோடுற மழைத்தண்ணி.

தையல் மேசை எழுதியது:

துணி லேபிளுக்கு "சாயம் போகாது" எண்டு இரண்டு சொல் போதும். துணியில ஃபாஸ்ற்றும் றன்னும் ஒண்டுக்கொண்டு எதிர்: இறுக்கிப் பிடிச்ச சாயம் ஃபாஸ்ற், கழண்டு மற்றத் துணியில பரவிற சாயம் றன். தரத்தாளில எண்கள் வந்தால், தோய்க்கிறதுக்கும் உரசிறதுக்கும் 1 முதல் 5 வரை, 5 ஆகத் திறம். வெய்யிலுக்கு வேற அளவு, 1 முதல் 8 வரை. இரண்டையும் ஒண்டாக்கினால் 5 எண்டது ஒரு இடத்தில முதல் தரமாவும் இன்னொரு இடத்தில நடுத்தரமாவும் நிக்கும். லேபிளை நம்பாத ஆக்களுக்கு: வெள்ளைத் துணித்துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, உள் மடிப்பில பத்துத் தரம் உரசிப் பாருங்கோ.

"எ போல்ற் ஒஃப் குளோத்" எண்டால் ஒரு சுருள் துணி. "றனிங் ஸ்ரிச்" எண்டால் நூலோட்டம்.

பூநகரி நண்பன் எழுதியது:

எல்லாத்தையும் வாசிச்சன். அப்ப சுருக்கமா, ஆங்கிலத்தில எல்லாம் வேகத்தில தொடங்கி மற்றப் பொருளுகளுக்குப் பரவினது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லலாமோ?

மாங்குளம் ஆங்கிலம் எழுதியது:

இல்லை தம்பி, அப்படிச் சொன்னால் பாதிக்கு மேல் பிழைக்கும். ஃபாஸ்ற், குயிக், போல்ற், ஃபிளீற் எல்லாவற்றிலும் வேகம் பிந்தி வந்தது. ஸ்பீட் என்ற சொல்லே தொடக்கத்தில் "கைகூடுதல், செழிப்பு" என்ற பொருள் உடையது. பயணம் போகிறவருக்குச் சொல்லும் "கோட்ஸ்பீட்" என்ற வாழ்த்து, வேகமாகப் போ என்று சொல்லவில்லை, போன காரியம் கைகூடட்டும் என்கிறது. டாஷ் என்பது முதலில் பலமாக மோதுவது. குதிரைக் குளம்பு அடித்துத் தெறிக்கும் சேற்றைத் தடுக்க வண்டியின் முன்னால் வைத்த பலகைதான் டாஷ்போர்ட், பிறகு அது காருக்குள் வந்தது. சமையல் குறிப்பில் "எ டாஷ் ஒஃப் சோல்ற்" தெறித்து விழும் அளவு உப்பு. அளவுக்கரண்டிகளில் தேக்கரண்டியின் எட்டில் ஒரு பங்கு.

மாறாக, ஓட்டத்தில் தொடங்கி விலகிப் போனவையும் உண்டு. கரியர் என்றால் முதலில் பந்தயப் பாதை, இப்போது ஒருவரின் தொழில்வாழ்க்கை. ஆனால் "த லொறி கரியர்ட் டவுன் த ஹில்" என்று வந்தால் கட்டுப்பாடு இழந்து பாய்ந்தது. கொறண்ட், கொறன்சி, கேசர் (கணினித் திரையில் நகரும் குறி), கூரியர், கரிக்குலம் எல்லாம் ஓடு என்ற ஒரே இலத்தீன் வினையின் பிள்ளைகள். பாடத்திட்டம் என்பதே ஓடி முடிக்கவேண்டிய பாதை.

மூன்றாவது வகை, எழுத்து மட்டும் ஒத்தவை. மனித இனம் என்ற றேஸும் ஓட்டப் போட்டி றேஸும் வேறு வேறு சொற்கள். புல்லைச் சொல்லும் றஷ், அவசரத்தைச் சொல்லும் றஷ் இரண்டும் வேறு. மாவை அரிப்பதும் போல்ற் என்றே எழுதப்படும், அதற்கும் அம்புக்கும் உறவில்லை. இவற்றை ஒரே கதையில் கோர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும், ஆனால் பிழையாக நிற்கும்.

பிள்ளைகளுக்கு விளங்க வைக்க எங்கள் சொற்களையே எடுங்கள். பாய் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வசனம் கேளுங்கள். நாய் பாயுது, குளம் வான் பாயுது, வயலுக்குத் தண்ணி பாயுது, பாயை விரி, பாய் இழுத்த வள்ளம் என்று ஐந்து நிமிடத்தில் பலகை நிறையும். ஓடு என்றால் ஓட்டமும் உண்டு, கூரையும் உண்டு, ஆமையும் உண்டு. விரை என்றால் அவசரப்படு, பழைய தமிழில் விதையும் விரை. இதில் நாங்கள் ஒருநாளும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் பக்கத்துச் சொல்லைக் கேட்டுத்தான் பொருளை எடுக்கிறோம். "வான்" என்று காதில் விழுந்ததும் நாயை நினைப்பதில்லை. ஆங்கில வசனத்திலும் அந்தப் பக்கத்துச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். ஆக்ஸ்போர்ட் பேரகராதியில் றன் என்ற வினைக்கு மட்டும் 600 க்கு மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அதை மனனம் செய்ய எவராலும் முடியாது.

கரைச்சி வாசகி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஆறு வசனத்தையும் மாத்தியாச்சு: "வெறுவயிற்றில் 12 மணித்தியாலம், வெறும் தண்ணி மட்டும்", "படகை இறுக்கிக் கட்டவும்", "சாயம் போகாது", "பிள்ளைத் துடிப்பை முதலில் உணர்தல்", "சலாது பூத்தண்டு விட்டுவிட்டது", "வெளி வளையம்". வெங்காயத்துக்கு வேற வரி போடுறன்.

கடைசியா இரண்டு. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிற படிவத்தில "ஸ்விஃப்ற் கோட்", ஏற்கெனவே ஒருவர் "விரைவுக் குறியீடு" எண்டு எழுதியிருக்கிறார். பனைவளம் பற்றின தாளில "பாம் ஸ்விஃப்ற்", அது "வேகமான பனை" எண்டு வந்திருக்கு.

மாங்குளம் ஆங்கிலம் எழுதியது:

முதலாவது விரைவைச் சொல்லும் சொல்லே அல்ல. 1973 இல் பெல்ஜியத்தில் தொடங்கிய வங்கிகளுக்கிடையிலான தகவல் வலையமைப்பின் பெயர்ச்சுருக்கம். மொழிபெயர்க்காமல் "ஸ்விஃப்ற் குறியீடு" என்று விடுங்கள். காசு விரைவாக வரும் என்று சனம் நம்பக்கூடாது. அதில் 8 அல்லது 11 எழுத்துகளும் எண்களும் இருக்கும்: முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு இடம், கடைசி மூன்று இருந்தால் கிளை. இலங்கை வங்கி எதுவென்றாலும் ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் எல், கே. அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தால் குறியீடு பிழை என்று படிவத்தை நிரப்புகிறவரே பிடித்துவிடலாம். கணக்கு இலக்கத்தை அந்தப் பெட்டியில் எழுதுவதுதான் வழமையான தவறு, இரண்டும் வேறு என்று ஒரு வரி சேருங்கள்.

இரண்டாவது ஒரு பறவை, பனை உழவாரன். அரிவாள் போல வளைந்த ஒடுங்கின செட்டை, பிளவுபட்ட வால், நாள் முழுக்கப் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். தொங்கும் பனையோலையின் கீழ்ப்பக்கத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். ஓலை வெட்டும் பகுதிக்குப் பக்கத்தில் இந்தச் சொல் வருவதாயிருந்தால், காய்ந்து தொங்கும் ஓலையை வெட்டமுன் கீழிருந்து ஒருமுறை அண்ணாந்து பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கூடு ஓலையின் மடிப்புக்குள் இருக்கும், மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.